சாளை என்று சொன்னேன்

என் மனைவியின் மார்பிலிருந்து அறுத்தெடுத்த கட்டியை ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டுக்கொண்டு, கருங்கலில் நாகர்கோவில் பஸ் ஏறினேன். அந்தக் கட்டி லேபுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்கு ஆஸ்பத்திரி காரணம் இல்லை, லேப் காரணம் இல்லை, பஸ்ஸும் காரணம் இல்லை. நான்தான் காரணம்.

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன். ஓய்வு பெறும்வரை துறையின் மியூசியம் என் பொறுப்பில் இருந்தது. கண்ணாடிக் குடுவைகளில் சுறாக்குஞ்சு, பச்சோந்தி, ஈரல் புழு, பிறக்கும் முன்பே செத்துப்போன கன்றுக்குட்டி என்று எல்லாம் ஃபார்மலினில் மிதந்துகொண்டிருக்கும். முதலாண்டு மாணவிகள் உள்ளே வந்ததும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்துவார்கள். அருவருப்பு என்பது அறியாமைக்கு இன்னொரு பெயர் என்று அவர்களிடம் சொல்வேன். ஒவ்வொரு வருஷமும் சொன்னேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. தவளையின் வயிற்றைக் கிழித்த கையைக் கழுவிவிட்டு அதே கையால் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டவன். சதையைக் கண்டு முகம் சுளிக்காதவன் என்றே என்னைப் பற்றி நம்பியிருந்தேன்.

ஒருநாள் என் மனைவி குளித்துவிட்டு வந்து, இடது மார்பில் என்னவோ தட்டுப்படுகிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். வலி இல்லையாம். தோலுக்கு அடியில் நெல்லிக்காய்போல ஒன்று. ஒரு விரலால் தொட்டேன். ஒரே ஒரு விரல். அழுத்தியதும் அது வழுக்கி அந்தப் பக்கம் ஓடியது. உயிருள்ள எதையோ தொட்டுவிட்டதுபோல என் முதுகு கூசிற்று. டாக்டரைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். திரும்பிப் பார்த்தால் அவள் அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லா தேச்சுக் கழுவுங்க. ஒட்டிக்கிடப் போவுது" என்றாள்.

நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

பக்கத்து டவுனான கருங்கலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். முட்டை வடிவம், ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன, சாதாரண நார்க்கட்டியாக இருக்கும் என்று சொன்னார்கள். மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பார்த்ததில் செல்களும் புற்று அறிகுறி இல்லாமல் சாதுவாகத்தான் இருந்தன. டாக்டர் என்னை ஒரு பேராசிரியருக்கு உரிய மரியாதையோடு எதிரில் உட்கார வைத்து, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நார்க்கட்டி பெரும்பாலும் சின்ன வயசுப் பெண்களுக்கு வருவது, பேரப்பிள்ளை எடுத்த வயதில் புதிதாக வந்து இத்தனை சீக்கிரம் வளர்வது வழக்கம் இல்லை, அதனால் எடுத்து முழுசாகச் சோதித்துவிடுவோம் என்றார். இந்தப் பேச்சில் 'பயப்பட ஒன்றுமில்லை' என்பது மட்டும் என் காதில் தங்கியது. 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு வந்ததை நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதிரிச் சின்ன ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் உண்டு. சதையைச் சோதிக்கும் வசதி அங்கே கிடையாது. அறுத்து எடுத்ததை நோயாளியின் வீட்டுக்காரரே ஒரு பாட்டிலில் வாங்கி, நாகர்கோவிலில் இருக்கும் லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாட்டிலும் நாம்தான் கொண்டு வர வேண்டும், அகன்ற வாய் உள்ளதாக. அதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் நார்த்தங்காய் ஊறுகாய் இருந்த கண்ணாடிப் பாட்டிலை எடுத்து, மிச்சத்தை வேறொன்றில் மாற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தாள். தன் மார்பிலிருந்து எடுக்கப்போவதற்கான பாட்டிலைத் தானே தேய்த்துக் கழுவினாள். நான் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வழக்கம், எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது. ஆபரேஷன் தியேட்டர் கதவு பாதி திறந்து, நர்ஸ் ஒரு தட்டை நீட்டினாள். "சாரே, பாத்துக்கிடுங்க" என்றாள். நான் அவள் தலைக்கு மேலே சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பார்த்தாச்சு என்றேன். அவள் உள்ளே போய் பாட்டிலில் போட்டு எடுத்து வந்தாள். ஃபார்மலின் தீர்ந்துவிட்டது, சலைன் ஊற்றியிருக்கிறேன், தாமதிக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றாள்.

சலைன் என்பது உப்புத் தண்ணீர். அது எதையும் காப்பாற்றாது. உடம்பை விட்டு வெளியே வந்த சதை அந்த நிமிஷமே தன்னைத் தானே தின்னத் தொடங்கும், ஃபார்மலின்தான் அதை நிறுத்தும் என்று எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியவன். எதிரில் மருந்துக்கடை, இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரி. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. அந்தப் பாட்டில் என் கையை விட்டு எவ்வளவு சீக்கிரம் போகுமோ அவ்வளவு நல்லது என்பது மட்டுமே என் எண்ணமாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்து, பையைத் தொடையில் படாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையைக் காலுக்கு நடுவில் தரையில் வைத்தேன். பாட்டில் மூடி சரியாகப் பொருந்தவில்லை போலிருக்கிறது. இரண்டு மூன்று நிறுத்தம் தாண்டுவதற்குள் பையின் அடி நனைந்து, இளஞ்சிவப்பாக ஒரு கோடு பஸ்ஸின் தரையில் ஓடிற்று. கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தவர் அதை மிதித்துவிட்டுக் கீழே பார்த்தார்.

"பெரியவரே, மீன் வெள்ளம் ஒழுவுது பாரும். என்ன மீனு?"

அங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி சாம்பிள் என்றால் போதும், யாரும் மேலே கேட்கமாட்டார்கள். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"சாளை" என்றேன்.

எதிர் இருக்கையில் இருந்த ஒரு பெண் குனிந்து பார்த்தாள். மீன் விற்றுவிட்டு வெறும் சருவப் பாத்திரத்தோடு திரும்புகிறவள். "சாளைக்கு இம்புட்டு சோர வருமா? சூரைய அறுத்துப்போட்டு சாளன்னு குடுத்திருக்கான். ஒம்மள நல்லா ஏமாத்திட்டான்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சோர என்றால் எங்கள் பக்கம் ரத்தம்; சாளை என்பது சின்ன மத்தி மீன், சூரை ரத்தம் நிறைந்த பெரிய மீன். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது அந்தச் சிரிப்புதான். கட்டியை எறிந்ததைக்கூட பயம் என்று நான் வாதாடிக்கொள்ள முடியும். சிரித்ததற்கு என்ன சொல்வது?

எங்கள் ஊர் நிறுத்தம் அந்த வழியில்தான் வரும். அங்கேயே இறங்கிவிட்டேன். பையைக் கழுவி, மூடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பஸ்ஸில் போவோம் என்றுதான் இறங்கினேன். இதை யாரும் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

நிறுத்தத்துக்குப் பின்னால் சானல், வயலுக்குத் தண்ணீர் போகும் கால்வாய். பாலத்தை ஒட்டி ஒரு சரிவு உண்டு. எங்கிருந்தோ வேன்களில் கோழிக்கழிவைக் கொண்டு வந்து ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அங்கே கொட்டிவிட்டுப் போவார்கள். இறகும் குடலும் சாக்கோடு அழுகிக் கிடக்கும். காற்றடித்தால் பாதி ஊருக்கு நாறும். அதைத் தடுக்கச் சொல்லி அதிகாரிகளுக்கு மனு எழுதியவன் நான். இப்படிக் கொட்டுகிறவர்களை மனிதர்கள் என்று சொல்ல முடியுமா என்று கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறேன்.

சானல் படியில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். பாட்டிலின் மூடியில் அவள் எத்தனை கழுவியும் போகாத ஊறுகாய் எண்ணெய், ரத்தத்தோடு கலந்து ஆரஞ்சு நிறத்தில் படர்ந்திருந்தது. உள்ளே அது கிடந்தது. அவித்து உரித்த முட்டை போல வெள்ளையாக, பளபளப்பாக. ஒரு ஓரத்தில் மஞ்சள் கொழுப்பு தொங்கியது. மூடியை இறுக்குவதற்காக முகத்தருகில் கொண்டு வந்தேன். நார்த்தங்காய் மணம் அடித்தது. அந்த மணத்துக்கு என் வாயில் எச்சில் ஊறியது.

நான் வாந்தி எடுத்தேன். காலையில் தின்ற புட்டு முழுவதும் படியில் போயிற்று. துடைத்துக்கொண்டு எழுந்தவன், கையில் இருந்த பாட்டிலைச் சரிவில் எறிந்தேன். கல்லில் பட்டு உடைந்தது. கழிவுச் சாக்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. அது எழுந்து வருவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அங்கே நிற்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் குளித்து, சட்டை மாற்றி, மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மயக்கம் தெளிந்து படுத்திருந்தவள், கொண்டுபோய்க் கொடுத்தாயிற்றா என்று கேட்டாள். கொடுத்தாயிற்று என்றேன். தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் ரிப்போர்ட் எங்கே என்றார். வெறும் நார்க்கட்டிதான் என்று எழுதியிருக்கிறார்கள், காகிதம் வீட்டில் இருக்கிறது, பிறகு கொண்டு வருகிறேன் என்றேன். வெளியே நோயாளிகள் வரிசையாக நின்றார்கள். நான் படித்தவன், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். டாக்டர் தலையாட்டினார். பிறகு யாரும் அந்தக் காகிதத்தைக் கேட்கவில்லை.

ஊசிப் பரிசோதனையில் சாது என்று ஏற்கெனவே வந்ததுதானே, இரண்டாவது சோதனை என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதே வாதத்தை ஒரு மாணவன் சொல்லியிருந்தால் வகுப்பை விட்டு வெளியே அனுப்பியிருப்பேன். ஊசி உறிஞ்சுவது சில செல்களை. கட்டி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது அதில் தெரியாது. செங்கல்லைப் பார்த்து வீட்டைச் சொல்ல முடியாது.

என் மனைவியோ நிம்மதியாக இருந்தாள். டெஸ்டில் ஒன்றுமில்லை என்று அக்கம்பக்கம் எல்லாரிடமும் சொன்னாள். நேர்ந்துகொண்டபடி கோயிலில் வெடிவழிபாடு நடத்தினாள். ஒவ்வொரு வெடியும் வெடிக்கும்போது அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பக்கத்தில் கைகூப்பி நின்ற என் மேல் கந்தகப் புகை படிந்தது.

அந்த நிம்மதிதான் அவளைக் கெடுத்தது. மழைக்காலம் தொடங்கும் முன்பே தழும்புக்கு அடியில் மறுபடி தடிப்பு வந்திருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. தையல் போட்ட இடம் அப்படித்தான் இருக்கும், டெஸ்டில்தான் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்களே என்று இருந்திருக்கிறாள். நாகர்கோவிலில் பாங்கில் வேலை பார்க்கும் எங்கள் மகள் விடுமுறைக்கு வந்தவள், அம்மா சேலை மாற்றும்போது தற்செயலாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். வெறும் தழும்பாக இருந்திருக்க வேண்டியது முற்றிய மாதுளம்பழம் அளவுக்கு வந்திருந்தது. தோல் இழுபட்டு மின்னியது. நீல நரம்புகள் ஓடின. நான் வாசலோடு நின்றுவிட்டேன். அப்போதும் முதலில் வந்தது குமட்டல்தான். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மகள் எங்களைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய ஆஸ்பத்திரி. முதலில் மேமோகிராம். மார்பை இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி எடுக்கும் எக்ஸ்ரே. வெளியே வந்த என் மனைவி மகளிடம், "பப்படத்துக்கு மாவு பரத்துற மாதிரி அமுக்கிட்டாளுவ" என்று முணுமுணுத்தாள். படத்தில் வெள்ளையாக, உருண்டையாக, ஓரம் மழுங்கலாக ஒன்று தெரிந்தது. பிறகு ஸ்கேன். குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை உருட்டினார்கள். திரையில் கட்டி கறுப்பாக இருந்தது, அதற்குள் வெடித்த வயல்போலக் கீற்றுக் கீற்றாகப் பிளவுகள். அங்கே இருந்த டாக்டர் பிளவுகளைச் சுட்டிக்காட்டி, சாதாரண நார்க்கட்டியில் இப்படி இருக்காது என்றார்.

அடுத்தது தடித்த ஊசி. மரத்துப்போக மருந்து கொடுத்துவிட்டு உள்ளே செலுத்தி விசையைத் தட்டினால், ஸ்டேப்ளர் அடிப்பதுபோல ஒரு சத்தத்தோடு சதையை நூலாக வெட்டி எடுக்கிறது. வெந்த சேமியா போல வெள்ளைத் துண்டுகள். ஒவ்வொன்றாகச் சின்னப் பாட்டிலில் போட்டார்கள். மூடியைத் திறந்தபோது என் மூக்கில் காரமாக ஏறியது ஃபார்மலின். என் மியூசியத்தின் மணம். எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன்.

திசுக்களைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் நடுவயதுப் பெண். நான் விலங்கியல் படித்தவன் என்று மகள் சொன்னதும், என்னை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தார். சுரப்பியின் மெல்லிய வரிசை, அதைச் சுற்றித் தேவைக்கு மேல் நெருக்கமாக வளர்ந்த நார்ச்செல்கள். அவை பெருகிப் பெருகிச் சுரப்பியின் குழாய்க்குள்ளேயே விரல் விரலாகப் பிதுங்கியிருந்தன. மழைக்காலச் சுவரில் முளைக்கும் பெரணி இலைகளைப் போல. இதற்கு ஃபில்லாய்ட்ஸ் என்று பெயர். இலை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மார்பில் வரும் கட்டிகளில் மிகவும் அபூர்வம். பார்க்க அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று தோன்றியதற்காக என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது.

டாக்டர் சொன்னதை எளிதாகச் சொல்கிறேன். இந்தக் கட்டியில் சாதுவும் உண்டு, கொடியதும் உண்டு, இடைப்பட்டதும் உண்டு. வெளித்தோற்றத்தை வைத்தோ ஊசித் துண்டுகளை வைத்தோ உறுதியாகச் சொல்ல முடியாது. முழுக்கட்டியையும் பார்க்க வேண்டும். எடுக்கும்போது சுற்றிலும் நல்ல சதையோடு எடுக்காவிட்டால் மிச்சத்திலிருந்து திரும்ப வரும். முதல் தடவை எடுத்தது சாதுவானதாக இருந்து, ஓரத்தில் மிச்சம் விட்டதால்தான் வளர்ந்தது என்றால், இப்போது கொஞ்சம் அகலமாக எடுத்துவிட்டு மார்பைக் காப்பாற்ற ஒருவேளை வழி இருக்கலாம். அப்போதே மோசமாக இருந்ததென்றால் முழுவதும் எடுக்க வேண்டும். அதனால் பழைய கட்டியைப் பார்த்தாக வேண்டும். லேபுகள் சதையை மெழுகில் பதித்து வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள், அதையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் வாங்கி வாருங்கள் என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். லேபில் போய்க் கேட்கிறேன் என்றேன். மகள், நீங்கள் அலைய வேண்டாம், என் பாங்குக்குப் பக்கம்தான், நானே வாங்கிவிடுகிறேன் என்றாள்.

மறுநாள் மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது முகம் சிவந்திருந்தது. "அப்பா, அவங்க கம்ப்யூட்டர்ல அம்மா பேரே இல்ல. தொலச்சுப்போட்டு, வரவே இல்லன்னு சாதிக்கிறாங்க. நான் விடப்போறதில்ல" என்றாள். லேபில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறாள். வாங்கி வைக்கும் இடத்தில் இருந்த பெண் பழைய பெட்டிகளை எல்லாம் இறக்கித் தேடியிருக்கிறாள். கடைசியில் அழுதேவிட்டாளாம். மேலாளர் அந்தப் பெண்ணைத் திட்டினாராம். இதையெல்லாம் மகள் சொல்லச் சொல்ல நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பொறுப்பில்லாத ஜனங்கள் என்றுகூடச் சொன்னேன். இந்த இரண்டு சொற்களையும் நான் சொன்னேன்.

மகள் குளிக்கப் போனாள். கட்டிலில் படுத்திருந்த என் மனைவி மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள்.

"நீங்க கொண்டு குடுத்தியளா?"

கிணற்றடியில் நான் கை கழுவியதைப் பார்த்தபோது இருந்த அதே முகம். அதன் முன்னால் இன்னொரு பொய் எழும்பவில்லை.

"இல்ல."

"பின்ன?"

"சானல்ல எறிஞ்சேன்."

"பாட்டிலோடயா?"

"பாட்டிலோட."

"ஒடஞ்சுதா?"

"கல்லுல பட்டு ஒடஞ்சுது."

சந்தையில் என்ன விலை என்று சொல்கிற குரலில், "அப்ப நாயி தின்னிருக்கும்" என்றாள்.

நான் மறுக்கவில்லை. அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குளித்துவிட்டு வந்த மகளிடம் நானே சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஈரத் தலையோடு போனை எடுத்து லேபுக்கு அழைத்து, தவறு எங்கள் பக்கம், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள் என்றாள். பிறகு அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் அடுத்த நாள் லேபுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல், சரி சார் என்றாள். அடுத்து நின்றவரின் பாட்டிலை வாங்கி ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கினாள்.

பழையது இல்லை என்றதும் திருவனந்தபுரத்தில் பேச்சு சுருங்கிவிட்டது. தெரியாத ஒன்றை நம்பி மார்பை விட்டுவைப்பது ஆபத்து, முழுவதும் எடுத்துவிடுவோம் என்றார்கள். என் மனைவி சரி என்றாள். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். கை பிடிப்பாள் என்று நினைத்தேன்.

"காட்டும்போ பாருங்க. மொகத்தத் திருப்பாண்டாம்" என்றாள்.

கதவு திறந்தது. தட்டு வந்தது. நான் பார்த்தேன். மேலே தோல், நடுவில் காம்பு, பழைய தழும்பு, சுற்றிலும் மஞ்சள் கொழுப்பு. எங்கள் மகள் குடித்து வளர்ந்த மார்பு ஒரு எவர்சில்வர் தட்டில் இருந்தது. குமட்டியது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு, நர்ஸ் போதுமா என்று கேட்கும்வரை பார்த்தேன். இதில் வீரம் ஒன்றுமில்லை. அவள் சொன்னாள், செய்தேன். அந்த ஆஸ்பத்திரியில் லேபுக்குக் கொண்டுபோக ஒரு ஆள் இருந்தார். பெரிய வாளி, நிறைய ஃபார்மலின், மேலே ஒட்டிய பெயர். அவர் நடக்கும்போது பின்னாலேயே லேப் வாசல்வரை போனேன். எதற்குப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

முடிவு இடைப்பட்டது என்று வந்தது. சாதுவும் இல்லை, முழுக்கக் கொடியதும் இல்லை. ஓரங்களில் மிச்சம் இல்லை. இந்தக் கட்டி ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போகக்கூடும் என்பதால் நெஞ்சை அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் அந்தப் பெண் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். முதலில் எடுத்தது எப்படி இருந்திருக்கும், அப்போதே இடைப்பட்டதாக இருந்திருக்குமா, இல்லை சாதுவாக இருந்து பிறகு மாறியதா?

"அது ஆருக்கும் தெரியாது சார். அது கையில இருந்தா தெரியும்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு உண்மையைச் சொன்னார். சாதுவாக இருந்திருந்தால் நான் எறிந்தது ஒரு மார்பை. மோசமாக இருந்திருந்தால் இன்னும் என்னவெல்லாமோ. எதை எறிந்தேன் என்று எனக்கே தெரியாமல் செய்துவிட்டேன். ஒருவேளை நான் எறியாமல் இருந்தாலும், சலைனில் ஊறியதில் ஒன்றும் தெரியாமல் போயிருக்கலாம். இந்த ஒருவேளையை நான் பல தடவை பிடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். ஃபார்மலினைக் கேட்டு வாங்காதவனும் நான்தானே.

படம் எடுக்கப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு இளம் டாக்டர் பழைய விவரங்களைக் கேட்பார். முதல் ஆபரேஷனின் ரிப்போர்ட் எங்கே என்பார். என் மனைவி முந்திக்கொண்டு, "அது தொலைஞ்சு போச்சு" என்பாள். என் பக்கம் பார்க்கமாட்டாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அந்தப் பொய்யை அவள் எனக்காகச் சொல்கிறாள் என்பதை ரொம்ப நாள் ஒரு சலுகையாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

"தொலையல. லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லி என் கையில குடுத்தாங்க. நான் வழியில எறிஞ்சிட்டேன்."

கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த இளம் பெண் டாக்டரின் விரல்கள் நின்றன. எதற்கு என்று கேட்டாள்.

"அருவருப்பா இருந்தது" என்றேன்.

அவள் என் மனைவியைப் பார்த்தாள். "எழுதிக்கிடுங்க டாக்டரே. இவிய சொல்லுறது சரிதான்" என்றாள் என் மனைவி. அந்தப் பெண் என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. நுரையீரலில் இந்தத் தடவையும் ஒன்றுமில்லை. இந்தத் தடவை ரிப்போர்ட் எங்கள் கையில் இருக்கிறது.

திரும்பும் வழியில் கருங்கலில் இறங்கினோம். சந்தை கலைந்துகொண்டிருந்தது. ஒரு சருவத்தில் வெள்ளி வெள்ளியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, சாளை நல்லதாகக் கிடக்கிறது, வாங்கட்டுமா என்று கேட்டாள். பஸ்ஸில் நான் சொன்னது அவளுக்குத் தெரியாது. சானலில் எறிந்ததைச் சொல்லிவிட்டேன், நாயை அவளே சொல்லிவிட்டாள், சாளையை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. வாங்கு என்றேன். அவள் பேரம் பேசி வாங்கி, பையை என்னிடம் நீட்டினாள். ஊர் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டேன். வேட்டி நனைந்தது. வீடு வருவதற்குள் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் கறி வைத்தாள், நான் உட்கார்ந்து தின்றேன்.

இங்கே எழுதிவிட்டேன். அவள் படிப்பாள்.